விலை கொடுத்து வாங்கிய இரவல்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் கோட்டுச்சேரி. அங்கே கிழக்கே திரும்பிக் கடலைப் பார்த்துப் போனால் கோட்டுச்சேரிமேடு. மீனவர்கள் ஊர். 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் அதோடு முடிந்துவிடும். எனவே நேராகத் திண்ணைக்கு வந்துவிடுகிறேன்.

திண்ணையில் இரண்டு பையன்கள். ஒருவனுக்குப் பதின்மூன்று வயது, பாரிஸிலிருந்து லீவுக்கு வந்தவன். இன்னொருவனுக்குப் பதினொன்று, என் நண்பரின் மகன். பெரியவன் நண்பரின் அக்கா மகன். சின்னவன் அவனை ‘அத்தான்... அத்தான்’ என்று வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறான்.

காரைக்கால்காரர்களுக்குப் பாரிஸ் கொஞ்சம் பக்கம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் கைமாறியது. ‘நான் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துகொள்கிறேன்’ என்று அப்போது எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றைக்கும் பாரிஸில் இருக்கிறார்கள். நண்பரின் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அப்படி ஒரு குடும்பத்தில்தான்.

அதனால் வருஷா வருஷம் பாரிஸிலிருந்து பெட்டி வரும். சாக்லேட், சென்ட், ஸ்வெட்டர் (காரைக்கால் வெயிலுக்கு!). இந்தத் தடவை பையன் தன் கையாலேயே ஒரு பொருள் கொண்டுவந்திருந்தான். அவனுடைய பழைய ‘ஸ்விட்ச்’. மாமா பையனுக்குப் பரிசு.

‘ஸ்விட்ச்’ என்றதும் சுவரில் தட்டுகிற ஸ்விட்சை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 2017 மார்ச் 3-ல் வெளியிட்ட வீடியோ கேம் மெஷின் அது. 1889-ல் கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி. அதுவரை வீடியோ கேமில் இரண்டு ஜாதி. டி.வி.யோடு இணைத்து ஆடுவது ஒன்று, கையில் வைத்து ஆடுவது ஒன்று. ஸ்விட்ச் இரண்டும் கலந்தது. வீட்டில் இருந்தால் ஒரு ஸ்டாண்டில் சொருகி டி.வி.யில் ஆடலாம். பஸ் வந்துவிட்டதா, உருவிக்கொண்டு கிளம்பலாம். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் கையில் தொடரும். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் கைப்பிடியைக் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால், ஒரே மெஷினில் இரண்டு பேர் ஆடலாம். உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்ற பொருள்.

அதனுடைய தம்பி, ‘ஸ்விட்ச் 2’, 2025 ஜூன் 5-ல் வந்தது. நம்ம கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்த அந்த நாட்களில், அங்கே முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. வந்தபோது பிரான்சில் விலை 470 யூரோ. நம்ம கணக்கில் சுமார் 47,000 ரூபாய். பாரிஸ் பையன் கையில் இருந்தது அதுதான். புதுசு வந்ததால் பழசு மாமா பையனுக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, நமக்கெல்லாம் பழகிய விஷயம்தானே?

நானும் கொஞ்ச நேரம் அந்தப் புது மெஷினை வாங்கி ஆடிப் பார்த்தேன். கார் ரேஸ். நான் ஓட்டிய கார் ரோட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்த நேரம் அதிகம். திரை பளிச்சென்று இருக்கிறது. கைக்கும் பொருந்துகிறது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

குறை சொல்ல வேண்டுமானால் வரிசையாகச் சொல்லலாம். பாட்டரி இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரம் வரை என்று கம்பெனியே சொல்கிறது. பெரிய கேம் ஆடினால் இரண்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கூடுதல் இடம் வேண்டுமென்றால் பழைய மெமரி கார்டு உதவாது, ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புது ரகம்தான் வாங்க வேண்டும். சாதனங்களைப் பிரித்துப் பார்த்து மார்க் போடும் ‘ஐஃபிக்ஸிட்’ நிறுவனம், ரிப்பேர் செய்யும் வசதிக்காக இதற்குக் கொடுத்த மார்க் பத்துக்கு மூன்று. பாட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

பழைய ஸ்விட்சில் இன்னொரு வியாதி இருந்தது. கைப்பிடியில் உள்ள குச்சியைத் தொடாமலேயே திரையில் பொம்மை தானாக நகரும். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு, ஏறக்குறைய 25,000 பேரிடம் சேகரித்த புகார்களோடு ஐரோப்பிய கமிஷனுக்குப் போனது. புகார்களில் 88 சதவீதம் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள்ளேயே கெட்டுப்போனவை. கடைசியில் 2023-ல், தேய்மானத்தால் கெட்டாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி அங்கே ஒப்புக்கொண்டது.

இதெல்லாம் குறைதான். ஆனால் இவை பொருளின் குறை. திட்டலாம். கூட்டம் சேர்த்துக் கேட்டால் திருத்துகிறார்கள் என்பதற்கு மேலே சொன்னதே சாட்சி. நான் திண்ணையில் பார்த்தது வேறு ஒரு குறை. அது பொருளில் இல்லை. ‘வாங்குவது’ என்ற சொல்லில் இருந்தது.

பாரிஸ் பையன் முதலில் மெஷினைக் கொடுத்தான். பிறகு கேம்கள். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைகள் மூன்று. சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று அதன்மேல் ஒரு கசப்பு மருந்து தடவியிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து பிச்சை வாங்க வேண்டும். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

‘‘இந்த மூணுதானா அத்தான்?’’

‘‘இல்லடா, இன்னும் பதினொண்ணு இருக்கு. அது உள்ளே இருக்கு. டவுன்லோட்.’’

‘‘அதையும் குடுப்பியா?’’

பெரியவன் தலையைச் சொறிந்தான். கொடுக்கத்தான் ஆசை. ஆனால் டவுன்லோட் செய்த கேம் மெஷினுக்குச் சொந்தமில்லை, அவனுடைய கணக்குக்குச் சொந்தம். அதை இன்னொருவர் கணக்குக்கு மாற்றிக் கொடுக்க வழி கிடையாது. 2025-ல் ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்படி இரவல் கொடுக்கலாம். யாருக்கு? ‘குடும்பம்’ என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு. குடும்பம் என்றால் அதிகபட்சம் எட்டுப் பேர். எத்தனை நாளைக்கு? பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் கேம் தானாகத் திரும்பிப் போய்விடும். முதல் தடவை கொடுக்கும்போது இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. காதுகுத்துக்குப் பந்தியில் உட்கார்ந்தால் எட்டுப் பேர் ஒரு வரிசைக்கே காணாது!

கடைசியில் பெரியவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ‘‘என் கணக்கை இதிலேயே விட்டுட்டுப் போறேன். நீ என் பேர்ல ஆடு. ஆனா நீ எதை ஆடறியோ அதை நான் அங்கே ஆட முடியாது.’’

எனக்கு உடனே ஞாபகம் வந்த வார்த்தை ‘பினாமி’. பதினோரு வயசுப் பையன், தனக்குக் கிடைத்த பரிசை அடுத்தவர் பெயரில் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா பேப்பர் அப்போது எனக்குத் தூக்க மாத்திரை. ஆனால் சில விஷயங்கள் தூக்கத்திலும் உள்ளே போய்விடும் போலிருக்கிறது. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பனைக்கு விளக்கம் சொல்கிறது. விலை வாங்கிக்கொண்டு பொருளின் உடைமையை மாற்றிக் கொடுத்தால்தான் அது விற்பனை. பதினான்காம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வாங்கியவன் அதை யாருடைய தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாக வைத்து அனுபவிப்பான் என்று விற்றவன் வாயால் சொல்லாவிட்டாலும் உறுதி கொடுத்ததாகவே அர்த்தம். ‘நிம்மதியாக’ என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

சட்டப் புத்தகம் வேண்டாம், நம்ம வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் மூச்சு விடாமல் ஒரு வரி வரும். சொத்தை வாங்கியவர் ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய்’ ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் இதை மந்திரம் மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை நிறுத்திப் படித்தேன். தானம், அதாவது சும்மா கொடுப்பது. விநிமயம், அதாவது ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்வது. விக்கிரயம், அதாவது விற்பது. அப்புறம்தான் மகன், பேரன், அனுபவம் எல்லாம்.

வரிசையைக் கவனியுங்கள். ஒரு பொருள் உன்னுடையது என்பதற்கு முதல் அடையாளமாக அந்தப் பத்திர எழுத்தர்கள் வைத்தது ‘வைத்துக்கொள்ளலாம்’ என்பதை அல்ல. ‘கொடுக்கலாம்’ என்பதை. வைத்துக்கொள்வது வாடகைக்காரனும் செய்வான். குத்தகைக்காரனும் செய்வான். கொடுப்பதற்குச் சொந்தக்காரன்தான் வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்தப் பதினொரு கேம்கள் என்ன? வாடகையா? மாசா மாசம் பணம் கட்டவில்லையே. குத்தகையா? அதற்குக் கெடு உண்டு, எத்தனை வருஷம் என்று முதலிலேயே தெரியும். ஒத்தியா? ஒத்தி என்றால் கடைசியில் கொடுத்த பணம் திரும்பி வரும். எதிலும் அடங்கவில்லை. நம்ம பாஷையில் இருக்கிற வார்த்தைகளில் நெருங்கி வருவது ‘இரவல்’தான். ஆனால் இரவலுக்கு யாரும் முழு விலை வாங்குவதில்லை.

அட்டையாக வாங்கிவிட்டால் பிரச்னை இல்லையே என்பீர்கள். ஓரளவுக்குச் சரி. ஆனால் புது ஸ்விட்ச் 2-வோடு இன்னொரு வகை அட்டை வந்திருக்கிறது. ‘கேம் கீ கார்டு’. பார்க்க அதே அட்டைதான். உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும்தான். அட்டையைச் சொருகி, இன்டர்நெட் வழியாகக் கேமைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகும் ஆடும்போதெல்லாம் அட்டை சொருகியே இருக்க வேண்டும். இதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். நியாயமாக அதைச் சொல்ல வேண்டும். ஆனால் இருபது வருஷம் கழித்து ஒரு பரணில் இந்த அட்டை கிடைத்தால், எங்கோ ஒரு சர்வர் அன்றைக்கும் உயிரோடு இருந்தால்தான் அது திறக்கும். வீட்டைக் காணோம், சாவி மட்டும் கையில் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்?

சர்வர்கள் சாகாதா என்ன? 2014-ல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் கேமை யுபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு சரி. ஒருத்தரே தனியாக ஆட முடிகிற கேம், ஆனால் கம்பெனி சர்வர் இல்லாமல் ஓடாது. அந்தக் கோபத்தில் ஐரோப்பாவில் ஆரம்பித்த ஒரு மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேம் மட்டுமில்லை. 2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் படிப்பான்களில் வாடிக்கையாளர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த சில புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. அப்படிக் காணாமல் போன புத்தகம் எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. கற்பனையாக எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார், ரொம்ப ஓவர் என்று!

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை நண்பரின் அப்பா, வலை பின்னுகிற ஊசியை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். கடலுக்குப் போவதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகின்றன.

‘‘அப்ப இது முன்பணம் வாங்குன படகு மாதிரிங்கறீங்க’’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்.

‘‘என் படகு என் பேர்லதான் இருந்துச்சு தம்பி. ஆனா இன்ஜினுக்கும் வலைக்கும் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தேன். முன்பணம் வாங்குனா புடிச்ச மீனை அவருக்குத்தான் போடணும். அவரு சொல்றதுதான் வெலை. பக்கத்துல ஒருத்தன் கிலோவுக்கு இருபது ரூவா கூடக் குடுக்கறேன்னு நிப்பான். குடுக்க முடியாது. படகு நம்மளுது, மீனு அவருது. இந்தப் பொட்டியும் அப்படித்தானே?’’

‘‘கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயா.’’

‘‘சரி, பயலுக்குக் கம்பெனிக்காரன் எவ்வளவு முன்பணம் குடுத்தான்?’’

‘‘குடுக்கலை ஐயா. இவங்கதான் கம்பெனிக்குக் குடுத்தாங்க. மெஷினுக்கு ஒரு விலை, ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி விலை.’’

பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், கிண்டல் செய்கிறேனோ என்று.

‘‘பணம் வாங்குனவன் கட்டுப்படுவான். கஷ்டமா இருந்தாலும் அதுல ஒரு நியாயம் இருக்கு, நாம வாங்கியிருக்கோம்ல. பணத்தையும் குடுத்துட்டு எதுக்குய்யா கட்டுப்படணும்?’’

என்னிடம் பதில் இல்லை. பி.காம்., பத்திரிகை அனுபவம், எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும் இல்லை.

ஆனால் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. ஏன் என்றால் அந்த நியாயத்துக்குக் காரணமே என்னைப் போன்றவர்கள்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டி.வி. வீடியோ கேம் இருந்தது. ‘9999 இன் 1’ என்று மஞ்சள் கார்ட்ரிட்ஜ். உண்மையில் பத்துப் பதினைந்து கேம்தான், அதையே பெயர் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஓடவில்லை என்றால் கழற்றி, பொங்கல் அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதிப் போடுவோம். அந்தக் கார்ட்ரிட்ஜ் தெரு முழுக்கச் சுற்றியது. யாருடையது என்றே கடைசியில் மறந்துபோச்சு. அதில் நான் நாள் கணக்காக ஆடிய மாரியோ, இதே நின்டெண்டோ கம்பெனியின் பிள்ளை. அவ்வளவும் திருட்டுக் காப்பி. மாரியோவைப் படைத்தவர்களுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு நயா பைசா போயிருக்காது.

ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்தால் என் கையில் புத்தகம் இல்லை. அந்தக் ‘கையில் இல்லை’ என்பதுதான் எழுத்தாளரைக் காப்பாற்றுகிறது. கம்ப்யூட்டர் சரக்கில் அந்தக் காப்பு கிடையாது. கொடுத்தும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று வாங்கினால் ஊருக்கே காப்பி போடலாம். கேம் எழுதுகிறவனும் சம்பளக்காரன்தான், அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே பூட்டு போடுகிறார்கள்.

பூட்டு போடுவது தப்பில்லை. எதற்குப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. காப்பி எடுப்பதைத் தடுக்கிற பூட்டு வேறு. கைமாற்றுவதைத் தடுக்கிற பூட்டு வேறு. ஒரு கேம் ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் ஓடும் என்பதை அவர்களால் இன்றைக்கே உறுதி செய்ய முடிகிறது. ‘விர்ச்சுவல் கேம் கார்டு’ அதைத்தானே செய்கிறது? பாரிஸில் இருக்கிறவன் கையிலிருந்து போனால்தான் மேட்டில் இருக்கிறவன் கைக்கு வரும். அப்படியிருக்க, பதினான்கு நாள் என்ற கெடு எதற்கு? எட்டுப் பேர் என்ற எண்ணிக்கை எதற்கு? நிரந்தரமாகக் கொடுத்துவிடுகிறேன் என்றால் ஏன் முடியாது? திருடனுக்குப் போட்ட பூட்டு என்று சொல்லிவிட்டு, தானம் கொடுக்கிறவன் கையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

பிரான்சிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில் வாங்கிய கேமை மறுபடி விற்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டா? அங்கேயுள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், உண்டு என்று 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் சொன்னது. இல்லை என்று 2022 அக்டோபரில் அப்பீல் கோர்ட் மாற்றியது. 2024-ல் அந்த நாட்டின் உச்ச அமர்வும் அப்பீல் தீர்ப்பையே உறுதி செய்துவிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வேறு வழியில் போயிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, பிறகு பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் சரக்கை, இது வெறும் அனுமதி உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற பட்டனோடு விற்கக் கூடாது. உரிமை தராவிட்டாலும் போகிறது, பொய்யாவது சொல்லாதே என்கிறது அந்தச் சட்டம். சின்ன விஷயம்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேம் போகட்டும், மெஷினாவது முழுக்க நம்முடையதா? 2025 மே மாதம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான ஒப்பந்தத்தை நின்டெண்டோ திருத்தியது. விதியை மீறினால் மெஷினையே முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படாதபடி செய்துவிடலாம் என்று அதில் ஒரு வரி. காசு கொடுத்து வாங்கிய பெட்டி நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள்ளே உயிரை வைத்த மந்திரவாதி கதை, நாம் பாட்டியிடம் கேட்டதுதான். அதில் உயிரை ஒளித்து வைத்தது மந்திரவாதி, தன் பாதுகாப்புக்காக. இங்கே நம்ம பொருளின் உயிரை விற்றவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

‘விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பெரிய பேச்சா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விளையாட்டுச் சாமான் என்பதால்தான் பேசுகிறேன்.

சொத்து என்றால் என்ன என்று நாம் முதலில் கற்றுக்கொள்வது விளையாட்டுச் சாமானில்தான். வீடு, நிலம், பாங்க் பாலன்ஸ் எல்லாம் பிறகு வருவது. ‘இது என் பம்பரம், தரமாட்டேன்’ என்பதும், அப்புறம் அம்மா அதட்டி, ‘சரி, சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கோ’ என்று கொடுப்பதும், கொடுத்தது ஆணி உடைந்து வந்ததும் சண்டை போடுவதும், மறுநாள் அதே பையனோடு சேர்ந்து ஆடுவதும்... இதெல்லாம் ஒரு பாடத் திட்டம். ‘தரமாட்டேன்’ என்று சொல்கிற சுதந்திரம் இருந்தால்தான் ‘இந்தா’ என்று கொடுப்பதற்கு ஒரு மதிப்பு.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் கருமிகள் ஆகவில்லை. கொடுப்பதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. கேட்கும் பாட்டு, பார்க்கும் படம், ஆடும் ஆட்டம் எல்லாமே அவரவர் பாஸ்வேர்டுக்குள். ‘என்னால் தர முடியாது, கம்பெனி விடாது’ என்று ஒரு குழந்தை சொல்வதில் பொய்யே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. கஞ்சத்தனம் என்றால் திட்டித் திருத்தலாம். இதை யாரைத் திட்டுவது?

என் அப்பா விட்டுப்போன கேசட் பெட்டி ஒன்று என்னிடம் இருக்கிறது. பாதி ஓடாது. அட்டைகளில் அவர் கையெழுத்தில் பாட்டு வரிசை. நான் விட்டுப்போகப் போவது என்ன? மூன்று நான்கு சந்தா, ஒரு மின்புத்தக அலமாரி, எல்லாம் என் பெயரில். நான் போனால் அதுவும் என்னோடு உடன்கட்டை. புத்திர பௌத்திர பாரம்பரியம் என்பது கிரயப் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும் போலிருக்கிறது.

அதற்காக மெஷினைத் தூக்கிக் கடலில் போடச் சொல்லவில்லை. அந்த அத்தானும் மாமா பையனும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆடியதைப் பார்த்தவன் நான். ஒருவருக்கு என்று வாங்கினாலும் இரண்டு பேர் ஆடுகிற மாதிரி மெஷினைச் செய்திருக்கிறார்கள். அந்த யோசனை தோன்றிய மனிதர் நிச்சயம் அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவராக இருக்க வேண்டும். அதே கம்பெனியின் ஒப்பந்தத்தை எழுதியவர் ஒரே பிள்ளையாக வளர்ந்தவரோ என்னவோ!

பிள்ளைக்கு இப்படி ஒன்று வாங்கப் போகிறவர்கள், திரை எத்தனை இன்ச், பாட்டரி எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். ‘இதை இவன் நாளைக்கு யாருக்காவது கொடுக்க நினைத்தால் முடியுமா?’ முடியும் என்றால் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் அதை வாங்குங்கள். ஐரோப்பாவில் அட்டை கேமுக்கு டவுன்லோடைவிடப் பத்து யூரோ அதிகம் வைத்து விற்கிறார்கள், மாரியோ கார் ரேஸ் கேம் அப்படித்தான். அந்தப் பத்து யூரோவுக்கு என்ன கிடைக்கிறது என்றால், தானம் செய்யும் உரிமை. வயசுக்கு வராத பிள்ளைக்கு அது நல்ல முதலீடு என்றே எனக்குப் படுகிறது.

இதை எழுத உட்காருவதற்கு முன் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போன் போட்டேன். பாரிஸ் பையன் ஊர் திரும்பி, பள்ளிக்கூடமும் திறந்தாகிவிட்டது. பினாமி ஏற்பாடு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

‘‘அதை விடுங்க’’ என்றார் நண்பர். ‘‘அந்த மூணு அட்டையில ஒண்ணைக் காணோம். வீடு பூரா தேடினோம். கடைசியில இவன் சொல்றான், நாலாவது வீட்டுப் பையன்கிட்ட குடுத்திருக்கானாம். அந்தப் பையன்கிட்ட மெஷினே கிடையாது!’’

‘‘அப்புறம் எதுக்குக் கொடுத்தானாம்?’’

‘‘கேட்டேனே. ‘சும்மா வச்சுக்கட்டும்பா, ஆடணும்னா இங்க எடுத்துட்டு வருவான்ல’ங்கறான்.’’

பின்னால் பெரியவர் சிரிக்கிற சத்தம் போனில் கேட்டது.